குறைவாகப் பேசுகிறவருக்கு எந்த ப்ரீபெய்ட் பேக்?

அம்மா மாதத்தில் எவ்வளவு நேரம் போன் பேசுகிறார் என்று கேட்டிருந்தால் "நாள் முழுக்க" என்றுதான் சொல்லியிருப்பேன். ஒருநாள் அவர் போனில் இருந்த கால் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். வெளியே போன அழைப்புகள் 34, எல்லாம் சேர்த்து 41 நிமிடம், எஸ்எம்எஸ் மூன்று. மொபைல் டேட்டா பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ஏனென்றால் வீட்டில் வைஃபை. நாள் முழுக்கப் பேசுவது உண்மைதான், ஆனால் அதெல்லாம் மற்றவர்கள் இவரைக் கூப்பிடுவது, இல்லாவிட்டால் வாட்ஸ்அப். இந்த 41 நிமிடத்துக்காக நான் மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்தது, தினசரி டேட்டா, வரம்பில்லாத அழைப்பு, கூடவே அவர் ஒருமுறைகூடத் திறக்காத ஏதோ ஒரு வீடியோ ஆப்பின் சந்தா என்று எல்லாம் அடங்கிய பேக்.

அன்றிலிருந்து இரண்டு வாரம் இதே வேலையாக இருந்தேன். என்னுடைய இரண்டாவது எண்ணையும் சேர்த்துக்கொண்டேன். அது வங்கி ஓடிபி வருவதற்கும், முதல் எண்ணைக் கொடுக்கத் தயங்கும் இடங்களில் கொடுப்பதற்கும் மட்டும் இருக்கிறது. இருவருமே குறைவாகப் பயன்படுத்துகிறவர்கள், அதனால் இரண்டுக்கும் ஒரே விடை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நாட்டுக்கு நாடு விலையும் கம்பெனியும் மாறும் என்பதால் பணத்தின் பெயர் சொல்லாமல் வெறும் எண்களாகவே எழுதுகிறேன், நீங்கள் உங்களுக்குக் கிடைக்கும் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

எதற்குக் காசு கொடுக்கிறோம்?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஜிபி. குறைவாகப் பயன்படுத்துகிறவர் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அந்த ஜிபிக்குப் போவதே இல்லை, எண் உயிரோடு இருப்பதற்குப் போகிறது. வேலிடிட்டி என்று சொல்கிறோமே, அது அந்த எண்ணுக்கு நாம் கட்டும் வாடகை. பேசினாலும் வாடகை, பேசாவிட்டாலும் வாடகை. அதனால் பேக்குகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, "ஒரு வருடம் இந்த எண் சாகாமல் இருக்க மொத்தம் எவ்வளவு?" என்பதுதான். ஒரு ஜிபி என்ன விலை என்று பார்க்க ஆரம்பித்தால் எப்போதும் பெரிய பேக்தான் லாபமாகத் தெரியும், நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதற்காகவே அந்தக் கணக்கு அவ்வளவு வசதியாக நம் முன்னால் வைக்கப்படுகிறது.

அப்புறம் அந்த 28 நாள் விஷயம். 28 நாள் பேக்கை நாம் மனசுக்குள் "மாதம்" என்று மாற்றிக்கொள்கிறோம். வருடத்துக்கு மாதம் 12தான், 28 நாளோ 13 தடவை வரும். அப்படியும் 13 × 28 = 364, ஒரு நாள் இடிக்கிறது. 84 நாள் பேக் பார்ப்பதற்கு மூன்று மாதம் போல இருக்கும், ஆனால் அது 12 வாரம், காலண்டர் காட்டும் மூன்று மாதத்தைவிட ஒரு வாரம் குறைவு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, நாள் எண்ணிக்கை அங்கேயே எழுதித்தான் இருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. அதனால் எந்த பேக்காக இருந்தாலும் விலையை நாளால் வகுத்து 365ஆல் பெருக்கிவிடுங்கள். இந்த ஒரு கணக்கிலேயே பாதி பேக்குகள் கழன்று விழுந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. 1995இல் போர்ச்சுகலில் டிஎம்என் என்ற கம்பெனி "மிமோ" என்று ஒரு ப்ரீபெய்ட் சேவையைக் கொண்டுவந்தது, உலகின் ஆரம்பகால ப்ரீபெய்ட் சேவைகளில் அதுவும் ஒன்று. மாதச் சந்தா கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, போட்ட காசு தீரும்வரை பேசலாம் என்பதுதான் ப்ரீபெய்டின் கவர்ச்சியே. இப்போது ப்ரீபெய்ட் என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது முன்கூட்டியே கட்டும் மாதச் சந்தா.

மூன்று வழி

பெயர் எப்படி இருந்தாலும் குறைவாகப் பயன்படுத்துகிறவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் வந்துவிடும். ஒன்று, 28 நாளோ 30 நாளோ ஓடும் சின்ன பேக். இரண்டு, ஒரேயடியாகக் கட்டிவிடும் வருட பேக். மூன்று, பழைய பாணி டாப்-அப், அதாவது பேலன்ஸ் போட்டு வைத்துப் பேசப் பேசக் கழிவது.

கற்பனை விலைதான் போடுகிறேன். சின்ன பேக் 10, வருட பேக் 100, டாப்-அப்பில் குறைந்தபட்சம் 10 போட வேண்டும், 90 நாள் வேலிடிட்டி, நிமிடத்துக்கு 0.1.

சின்ன பேக் வருடத்துக்கு 130. வருட பேக் 100. டாப்-அப்பில் எண்ணை உயிரோடு வைக்க மட்டும் சுமார் 40 ஆகும், ஆனால் பேசும் காசு அதே பேலன்ஸிலிருந்துதான் கழிகிறது. அம்மாவின் 41 நிமிடத்துக்கு மாதம் 4.1, வருடத்துக்கு 49 சொச்சம். வாடகைக்குப் போட்ட 40 இதற்குள் அடங்கிவிடுகிறது என்பதால் மொத்தமே 50. தாளில் பார்த்தால் டாப்-அப் மற்ற இரண்டையும் சும்மா ஊதித் தள்ளிவிடுகிறது.

ஆனால் தாளில்தான். நிமிடத்துக்கு 0.1 என்றால் நொடிக் கணக்கா நிமிடக் கணக்கா என்று பார்க்க வேண்டும். நிமிடக் கணக்கு என்றால் 61 நொடி பேசினாலும் இரண்டு நிமிடக் காசு. அம்மாவின் அழைப்புகள் எல்லாம் "எங்கே இருக்கே, சரி வா" வகை, 34 அழைப்புக்கு 41 நிமிடம் என்றால் சராசரி 72 நொடி. ஒவ்வொன்றையும் அடுத்த முழு நிமிடத்துக்கு ஏற்றிக் கூட்டிப் பார்த்தேன், 41 போய் 58 ஆனது. அழைப்புக்கு அரை நிமிடம் காற்றில் போகிறது. வருடக் கணக்கு 49இலிருந்து 70க்கு ஏறிவிட்டது. நீளமாகப் பேசுகிறவருக்கு இந்த ஏற்றம் பெரிதாகத் தெரியாது, சுருக்கமாகப் பேசுகிறவருக்குத்தான் அடி. குறைவாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சுருக்கமாகப் பேசுகிறவர்களும்கூட. சில கம்பெனிகள் நொடிக் கணக்கு வைத்துவிட்டு ஒவ்வொரு அழைப்புக்கும் இணைப்புக் கட்டணம் என்று தனியாக ஒன்று போடும், அதுவும் கடைசியில் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

எங்கே கோடு போடுவது என்றால், வருட பேக்கின் விலையை ஒரு நிமிட விலையால் வகுத்துக்கொள்ளுங்கள். இங்கே 100 ÷ 0.1 = 1000 நிமிடம், மாதத்துக்கு 83. அதற்குக் கீழே என்றால் டாப்-அப், மேலே என்றால் வருட பேக். சின்ன பேக் இந்தக் கணக்கில் எங்கேயுமே ஜெயிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கும் ஒரு இடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, அமெரிக்கா, கனடா பக்கம் பழக்கமே வேறு. அங்கே உள்ளே வரும் அழைப்புக்கும் நிமிடம் கழியும் திட்டங்கள் உண்டு. உலகின் பெரும்பாலான இடங்களில் கூப்பிடுகிறவர்தான் காசு கொடுக்கிறார், அதனால் அம்மாவைப் போல வரும் அழைப்பிலேயே காலம் தள்ளுகிறவருக்கு டாப்-அப் ஓடும். வரும் அழைப்புக்கும் நிமிடம் கழியும் இடம் என்றால் இரண்டு பக்கத்தையும் கூட்டித்தான் அந்த 83ஓடு ஒப்பிட வேண்டும், அங்கே டாப்-அப் நினைத்ததைவிட ரொம்பச் சீக்கிரம் தோற்றுவிடும்.

கணக்கில் வராத ஒன்று

சரி, 70 எங்கே 100 எங்கே, டாப்-அப்பே போடலாம் என்று அம்மாவை அதற்கு மாற்றினேன். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்று திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். முதல் வாரம் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் சித்தி எனக்கு போன் போட்டு, "அக்காவுக்கு என் மேல ஏதாவது கோபமா, கூப்பிடறதே இல்லையே" என்றார். கோபமெல்லாம் இல்லை. பேலன்ஸ் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, அவர்களே கூப்பிடட்டும் என்று இவர் காத்திருக்கிறார். அந்த மாதம் வெளியே போன அழைப்பு 11.

வருட பேக்குக்கு மாற்றிவிட்டேன். 30 கூட, பரவாயில்லை. காசு இறங்குவதைப் பார்த்தால் கை பதறும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு டாப்-அப் வாங்கிக் கொடுத்துவிட்டு "மிச்சம் பிடித்தேன்" என்று நாம் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. என் இரண்டாவது எண்ணின் கதை நேர் எதிர். அதிலிருந்து நான் மாதத்துக்கு ஒரு அழைப்பு பேசினால் அதிகம், அதற்கு 90 நாளுக்கு ஒருமுறை 10 போட்டால் போதும், பேலன்ஸ் சும்மா கிடந்து சேர்கிறது. அதற்கு வருட பேக் போடுவது பூட்டிய வீட்டுக்கு முழு வாடகை கட்டுவது மாதிரி.

டாப்-அப் என்ற வகையே இப்போது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பேலன்ஸ் போடலாம், ஆனால் தனியாக ஒரு வேலிடிட்டி பேக் இல்லாமல் அந்த பேலன்ஸைத் தொட முடியாது என்று வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. அப்படியென்றால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. கூடவே இன்னொரு கேள்வி: வேலிடிட்டி முடிவதற்குள் மறுபடி போட்டால் மீதி பேலன்ஸ் புதிய தேதிக்குச் சேர்ந்து போகிறதா, இல்லை அழிந்துவிடுகிறதா? சேர்ந்து போனால்தான் மேலே நான் போட்ட கணக்கு செல்லும்.

டவர் இல்லாத கம்பெனிகள்

சொந்தமாக டவர் வைக்காமல் பெரிய கம்பெனியின் நெட்வொர்க்கை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, தன் பெயரில் சிம் விற்கும் கம்பெனிகள் பல நாடுகளில் இருக்கின்றன. 1999இல் பிரிட்டனில் வந்த வர்ஜின் மொபைல் இதில் முன்னோடி. பெரிய கம்பெனிகளே தங்கள் நெட்வொர்க்கில் மலிவான துணைப் பெயர் ஒன்றை ஓடவிடுவதும் உண்டு. குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு மிகச் சின்ன பேக்குகள் பெரும்பாலும் இவர்களிடம்தான் கிடைக்கும், ஏனென்றால் பெரிய கம்பெனிக்கு நம்மைப் போன்ற வாடிக்கையாளர் தொந்தரவு, இவர்களுக்கு நாம்தான் பிழைப்பு.

சிக்னல் பெரிய கம்பெனியின் அதே சிக்னல்தான். வித்தியாசம் கூட்டம் சேரும்போது தெரியும். டவரில் நெரிசல் வந்தால் சொந்த வாடிக்கையாளருக்கு முதல் வரிசை, வாடகைக்காரருக்குப் பின்வரிசை என்று பல இடங்களில் ஒப்பந்தமே இருக்கும். சாயங்காலம் ரயில் நிலையத்தில் நின்று வீடியோ பார்க்கிறவருக்கு இது தலைவலி. ஓடிபிக்கும் நாலு அழைப்புக்கும் வைத்திருப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார்.

எனக்கு இதில் உறுத்துவது கஸ்டமர் கேர்தான். செலவைக் குறைக்க இவர்கள் முதலில் கை வைப்பது அங்கே. பிரிட்டனில் 2009இல் ஓ2 நெட்வொர்க்கின் மேல் தொடங்கிய கிஃப்காஃப் கால் சென்டரே வைக்காமல், வாடிக்கையாளர்களே ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் முறையை வைத்துத்தான் விலையைக் குறைத்தது. உங்களுக்கும் எனக்கும் அது சரிப்படும். போன் தொலைந்த அன்று சாட்டில் டைப் அடித்து சிம்மை முடக்கச் சொல்ல அம்மாவால் முடியுமா? அவருக்குக் கடையோ, எடுத்துப் பேச ஒரு ஆளோ இருக்கும் கம்பெனி வேண்டும். அதனால் இரண்டாவது எண்ணுக்கு டவர் இல்லாத கம்பெனி, அம்மாவுக்கு டவர் வைத்திருக்கும் கம்பெனி.

கொஞ்சம் டேட்டா போதும் என்பவர்கள்

"எனக்கு டேட்டா கொஞ்சம் போதும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறார்கள். எழுத்தில் அனுப்பும் செய்தி ஒன்றுமே இல்லை, ஆயிரக்கணக்கில் அனுப்பினாலும் சில எம்பியில் அடங்கும். 128 கேபிபிஎஸ் வேகத்தில் பாட்டு கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி. வீடியோ 1 எம்பிபிஎஸ் என்று ஓடினாலே மணிக்கு 450 எம்பி. அதாவது ஒரு மாதம் முழுக்க மேப் பார்த்து, மெயில் படித்து, செய்தி அனுப்பி நீங்கள் சேர்த்து வைத்த சிக்கனத்தை ஒரு பஸ் பயணத்தில் இரண்டு வீடியோ சாப்பிட்டுவிடும். போனிலேயே ஆப் வாரியாக மொபைல் டேட்டா கணக்கு இருக்கிறது, கடந்த மாதம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பேக் தேடுங்கள். அதில் வைஃபை கணக்கைச் சேர்த்துப் படித்துவிட வேண்டாம், இரண்டும் தனித்தனி.

தினமும் இத்தனை ஜிபி என்ற பேக்கில் இன்று மிச்சமானது நாளைக்கு வராது. மாதத்துக்கு மொத்தம் இத்தனை என்ற பேக் இருந்தால், எண்ணிக்கை சின்னதாகத் தெரிந்தாலும் குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு அதுதான் நல்லது. நாலு நாள் ஒன்றும் வேண்டாம், ஐந்தாவது நாள் வெளியூரில் மேப்பும் டிக்கெட்டும் ஒன்றாக வேண்டும், நம் வழக்கம் அப்படித்தான்.

"அன்லிமிடெட்" என்று போட்டிருந்தால் வரம்பு தாண்டியபின் என்ன வேகம் என்று பாருங்கள். 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். 1 எம்பி படம் ஒன்று இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல். எழுத்துச் செய்தி போகும், வங்கி ஆப் திறப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். இருந்தாலும் இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வரம்பு தாண்டியதும் அடைத்துவிடும் பேக்கைவிட, வேகம் குறைந்தாலும் காசு கேட்காமல் ஓடும் பேக் நமக்கு மேல். மோசமானது மூன்றாவது வகை, வரம்பு தாண்டியதும் சத்தமில்லாமல் எம்பிக்கு இவ்வளவு என்று பேலன்ஸிலிருந்து கழிப்பது. டாப்-அப் சிம்மில் இது நடக்கும். ஆப் அப்டேட் ஒன்று பின்னணியில் ஓடினால் போதும், மூன்று மாத பேலன்ஸ் மதியத்துக்குள் காலி. டாப்-அப் சிம் போட்ட போனில் மொபைல் டேட்டாவை அணைத்தே வையுங்கள்.

எஸ்எம்எஸ்ஸுக்குத் தனிக்காசு என்றால் தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழில் எழுதினால் அது 70தான், அந்த எழுபதும் நாம் நினைக்கும் எழுத்து இல்லை. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. 70 தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ், இரண்டு காசு. ஆங்கிலத்தில் அடித்துவிட்டுக் கடைசியில் ஒரு சிரிப்புப் படம் சேர்த்தாலும் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். "பார்த்தேன், நலம், நாளை மறுநாள் வருகிறேன், வாசல் சாவியை எடுத்து வைக்கவும்" என்பதே இரண்டாக உடைந்துவிடும் அளவுதான்.

போன் ஒத்துழைக்குமா

மலிவு பேக் தேடுகிறவர் கையில் பெரும்பாலும் பழைய போனோ பட்டன் போனோ இருக்கும், சிக்கல் அங்கேதான் வருகிறது. உலகம் முழுக்க 2ஜி, 3ஜி நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜியை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் கடைசியில் நின்றது. அங்கே ஒரு விசித்திரமும் வெளியே வந்தது: சாதாரண அழைப்பை 4ஜியில் ஒழுங்காகச் செய்யும் சில போன்கள், அவசர எண்ணை அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட போன்களை நெட்வொர்க்கில் சேர்க்கவே கூடாது என்று விதி வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன்கள் முடக்கப்பட்டன.

அதனால் போனில் 4ஜி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, வோல்ட்இ வசதி, அதாவது 4ஜியிலேயே குரல் அழைப்பும் போகும் வசதி, இருக்கிறதா, அதுவும் நீங்கள் வாங்கப்போகும் கம்பெனி அந்த மாடலுக்கு அதை அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வோல்ட்இ இல்லாவிட்டால் 4ஜியில் டேட்டா மட்டும் ஓடும், குரல் அழைப்புக்குப் போன் பழைய நெட்வொர்க்கைத் தேடும், அது மூடப்பட்டிருந்தால் அழைப்பே போகாது. போனில் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கும் வசதி பல இடங்களில் இருக்கிறது. வருட பேக் கட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது, கட்டிய பிறகு செய்வதில் பிரயோஜனம் இல்லை.

சிக்னலை வரைபடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரைபடம் தெருவுக்குச் சொல்கிறது, அம்மா பேசுவது உள்ளறையில். ஆண்ட்ராய்டில் போனைப் பற்றிய பக்கத்துக்குள் போனால் சிம் நிலை என்ற இடத்தில் மைனஸ் எண் ஒன்று இருக்கும். 4ஜியில் மைனஸ் 90 அளவில் இருந்தால் நிம்மதி, மைனஸ் 115ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்து வரும். வீட்டுக்குள் மோசமாகவும் வைஃபை நன்றாகவும் இருந்தால் வைஃபை காலிங் அந்தக் குறையை அடைத்துவிடும். பல கம்பெனிகள் அதைச் சாதாரண அழைப்பாகத்தான் கணக்கில் எடுக்கும் என்பதால் இலவசம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

இங்கேதான் முன்னால் சொன்ன சின்ன பேக்கின் இடம். புதுக் கம்பெனியின் சிம் ஒன்றைப் புது எண்ணில் வாங்கி, இருப்பதிலேயே சின்ன பேக்கைப் போட்டு 28 நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். போனில் இ-சிம் வசதி இருந்தால் இன்னும் சுலபம், பழைய சிம்மை எடுக்கவே வேண்டாம். வருடச் செலவாகப் பார்த்தால் தோற்கும் பேக், ஒருமுறை சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் மிக மலிவு. சோதித்துத் திருப்தியான பிறகு பழைய எண்ணை அங்கே போர்ட் செய்து வருட பேக் போடுங்கள். பழைய எண்ணை முதலில் ரத்து செய்துவிட்டுப் போர்ட் கேட்டால் நடக்காது, எண் உயிரோடு இருந்தால்தான் மாற்ற முடியும். பழைய சிம்மில் கிடக்கும் பேலன்ஸ் பெரும்பாலும் கூட வராது, பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எண் செத்துப்போனால்

இதை அனுபவித்துத்தான் கற்றேன். சில வருடம் முன்பு ஒரு கூடுதல் எண் வைத்திருந்தேன், ரீசார்ஜ் தேதியை மறந்துவிட்டேன். முதலில் வெளியே போகும் அழைப்பு நின்றது, அதை நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதிலிருந்து நான் பேசுவதே இல்லை. அப்புறம் உள்ளே வருவதும் நின்றது, அதையும் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாரும் கூப்பிடுவதும் இல்லை. ஒரு நாள் ஓடிபி வரவில்லை என்று பார்த்தபோது சிம் செத்திருந்தது. கம்பெனியைக் கேட்டால் கால அவகாசம் முடிந்துவிட்டது என்றார்கள். சில மாதம் கழித்து அந்த எண்ணை அழைத்தேன், யாரோ ஒருவர் எடுத்து மிக மரியாதையாக "தவறான எண்" என்றார். அவருடைய போனுக்கு என் பழைய கணக்குகளின் செய்திகள் எத்தனை போயிற்றோ!

எண்கள் இப்படித் திரும்ப விற்கப்படுவது முறைகேடு எதுவும் இல்லை, விதியிலேயே இருக்கிறது. ரத்தான எண்ணை அமெரிக்காவில் குறைந்தது 45 நாளும் இந்தியாவில் 90 நாளும் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். குறைவாகப் பயன்படுத்துகிறவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், எண் செத்தது அவருக்குத்தான் கடைசியாகத் தெரியும். இரண்டு பேக் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருந்தால், வேலிடிட்டி முடிந்தபின் எத்தனை நாள் அவகாசம், அந்த நாட்களில் எஸ்எம்எஸ் உள்ளே வருமா என்று கேட்டு, அதை வைத்தே தேர்ந்தெடுத்துவிடலாம். வங்கிக் கணக்கு கட்டிய எண்ணுக்கு 10, 20 மிச்சம் பார்க்கவே வேண்டாம்.

தானாகவே ரீசார்ஜ் ஆகும் வசதியைப் போடலாமா? மறதிக்காரருக்கு நல்லதுதான். ஆனால் கம்பெனி விலையை ஏற்றினாலும், அந்த பேக்கையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும், கார்டிலிருந்து காசு போய்க்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறைதான் என்றால் நான் கையால்தான் போடுகிறேன், அந்தச் சாக்கில் வேறு பேக் வந்திருக்கிறதா என்று பார்க்கவும் முடிகிறது. காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று கேட்காமலே சேர்ந்துகொள்ளும் சந்தாக்களை சிம் வாங்கிய அன்றே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். டாப்-அப் பேலன்ஸ் ஒன்றும் பேசாமலே கரைகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான்.

இப்போது அம்மாவுக்கு வருட பேக் ஓடுகிறது, சினிமா ஆப் எல்லாம் இல்லாதது, மாதத்துக்குக் கொஞ்சமே கொஞ்சம் டேட்டா. சித்தியிடம் முக்கால் மணி நேரம் பேசுகிறார், இப்போது மாதக் கணக்கு 83 நிமிடத்தைத் தாண்டிப் போய்விட்டது, ஆக என் டாப்-அப் கணக்கே இனி அவருக்குச் செல்லாது. இரண்டாவது எண்ணில் பேலன்ஸ் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் முடியும் தேதிக்கு ஐந்து நாள் முன்பு மணி அடிக்கும்படி என் போனில் போட்டு வைத்திருக்கிறேன், அம்மாவின் தேதியை மட்டும் தங்கையின் போனிலும் போடச் சொன்னேன்.